ஒன்றரையும் முக்காலும்

"ஆயிரத்தைந்நூறுக்கு ஒண்ணு குறையாது."

"எழுநூத்தம்பதுக்கு ஒண்ணு கூடாது."

"அண்ணே, கொஞ்சம் கண்ணைத் திறந்து குளத்தைப் பாருங்க."

"திறந்துதான் வச்சிருக்கேன். தண்ணி தெரியுது. நீங்க சொல்ற மீன்தான் தெரியல."

காலையிலிருந்து இதே பேச்சு. குளக்கரையில் போட்டிருந்த இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளும் ஈர மண்ணில் நாலு விரல் இறங்கிவிட்டன. அவற்றில் உட்கார்ந்திருந்த இருவரும் மட்டும் இறங்கி வருவதாக இல்லை.

குளத்துக்குச் சொந்தக்காரரைச் சந்தையில் 'ஒன்றரை' என்பார்கள். எந்தப் பொருளாக இருந்தாலும் அதன் விலைக்கு ஒன்றரை மடங்கு சொல்லித்தான் வாயைத் திறப்பார். எதிரே இருந்த மீன் மொத்தவியாபாரிக்குப் பெயர் 'முக்கால்'. அவர் எதையும் முக்கால் விலைக்கு மேல் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. டாக்டர் எட்டு நாள் மாத்திரை எழுதினால், "ஆறு நாளா போட்டுக்கலாமா டாக்டர்?" என்று கேட்கிற ஆள்.

இருவருக்கும் பாதி ஆயுள் பழக்கம். ஒருவர் வீட்டில் நல்லது கெட்டது என்றால் மற்றவர் முதல் ஆளாக வந்து நிற்பார். வியாபாரம் என்று உட்கார்ந்துவிட்டால் மட்டும் உறவு, நட்பு எல்லாவற்றையும் செருப்போடு சேர்த்து வெளியே கழற்றி வைத்துவிடுவார்கள்.

இப்போது பேசிக்கொண்டிருந்தது குளத்தோடு மீனை விற்கிற வியாபாரம். அந்தத் தொழிலில் அது ஒரு வழக்கம். மீன் தண்ணீரில் இருக்கும்போதே கரையில் விலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு வலை போடுவதும் பெட்டியில் அடுக்கி ஐஸ் கொட்டுவதும் வாங்கியவர் பாடு. நிறைய வந்தால் அவர் அதிர்ஷ்டம், குறைந்தால் அவர் தலையெழுத்து. ஒரு மீன் என்ன விலை என்பதில் தகராறு இல்லை. எல்லாம் ஒரே வயதுக் கெண்டை, கிட்டத்தட்ட ஒரே எடை. குளத்தில் எத்தனை மீன் என்பதில்தான் நாற்காலி இறங்கிக்கொண்டிருந்தது.

உண்மையில் அது ஒன்றரைக்கே தெரியாது. குஞ்சு விட்டது இரண்டாயிரம். அப்புறம் ஒரு வெள்ளம் வந்து போயிற்று. கொக்குகள் குடும்பத்தோடு வந்து தங்கி உடம்பைத் தேற்றிக்கொண்டு போயின. அக்கம்பக்கத்துத் தூண்டில்கள் வேறு. ஆயிரம் இருக்கலாம் என்று மனசுக்குள் ஒரு மதிப்பு. மனசில் ஆயிரம் என்றதும் வாயில் ஆயிரத்தைந்நூறு தானாக வந்துவிட்டது.

விற்றே ஆகவேண்டிய நிலைமை. பேருந்து நிலையத்துக்கு எதிரே, மூலையில், ஒரு கடை காலியாகிறது. ஆயிரம் மீனின் விலை கைக்கு வந்தால் கடை கைக்கு வரும். கொஞ்சம் குறைந்தாலும் அடுத்த ஆள் தயாராக நிற்கிறான். ஒன்றரையின் மனைவி போய்ப் பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கடையின் தரையில் நடந்து பார்த்துவிட்டே வந்துவிட்டார்.

"காஞ்ச தரைங்க," என்றார் வீட்டுக்கு வந்து. "கல்யாணம் ஆன நாள்ல இருந்து இந்த வீட்ல காயாத துணி, காயாத செருப்பு, காயாத ஆளு. எனக்கு அந்தத் தரை வேணும். நீங்க என்ன செய்வீங்களோ தெரியாது."

அந்தத் தரைக்கும் தனக்கும் நடுவே முக்கால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பதைத்தான் ஒன்றரை காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, எண்ணாமலே கண்டுபிடிச்சிடலாம்."

தேநீர்த் தட்டோடு வந்து நின்றவர் மாப்பிள்ளை. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். விடுமுறைக்கு ஒன்றரையின் மகளோடு வந்தவருக்கு இரண்டு நாளாகக் கணக்குச் சொல்லித்தர யாரும் கிடைக்காமல் கை நமநமவென்று இருந்தது.

"எண்ணாம எப்படி மாப்ள?"

"இருக்கறதுல கொஞ்சத்தைப் பாத்து மொத்தத்தைச் சொல்றதுதான். இப்போ ஒரு இருநூறு மீனைப் பிடிச்சு அடையாளம் கட்டித் திரும்ப விட்டுடுவோம். கொஞ்ச நாள் போகட்டும், நல்லா கலந்துடும். அப்புறம் ஒரு நூறு மீனைப் பிடிச்சுப் பாப்போம். அதுல பத்து அடையாள மீன் இருந்தா, குளத்துல பத்துக்கு ஒண்ணு அடையாள மீன்னு அர்த்தம். நாம கட்டினது இருநூறு. பத்துல ஒரு பங்கு இருநூறுன்னா, மொத்தம் ரெண்டாயிரம்."

இரண்டாயிரம் என்று காதில் விழுந்ததும் ஒன்றரை நிமிர்ந்து உட்கார்ந்தார். "மாப்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"நூறுல நாப்பது இருந்துச்சுன்னா வாத்தியாரே?" என்றார் முக்கால்.

"அஞ்சுல ரெண்டு பங்கு. அப்போ மொத்தம் ஐந்நூறு."

முக்கால் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வாத்தியார் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"ஆனா நல்லா கலக்கணும். ஒரு கூடை உருளைக்கிழங்குல மேல இருக்கற நாலை மட்டும் பாத்து மொத்தக் கூடையும் நல்லதுன்னு வாங்குவீங்களா மாமா?"

"நானா? மேல நாலு நல்லதா அடுக்கி விக்கறவன்கிட்ட கேக்கற கேள்வியா மாப்ள இது?"

முக்கால் தேநீரை உறிஞ்சியபடி, "அந்தக் கூடையை வாங்கின ஆளு இங்கதான் உக்காந்திருக்கேன்," என்றார்.

அடையாளத்துக்கு ஒன்றரையின் மனைவி தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நைலான் நூல்கண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். முதுகுத் துடுப்பில் ஒரு முடிச்சு. மீனுக்கும் வலிக்காது, தண்ணீரில் சாயமும் போகாது. இரண்டு பேரும் நூலை இழுத்துப் பார்த்தார்கள், நனைத்துப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு முக்கால் தொண்டையைச் செருமினார்.

"இருநூறு எதுக்கு வாத்தியாரே? நூத்தம்பது கட்டினாப் போதாதா?"

"அதெப்படி? முந்நூறு கட்டணும்," என்றார் ஒன்றரை.

கூடக் கட்டினால் தனக்கு நல்லதா, குறையக் கட்டினால் நல்லதா என்று இருவருக்குமே தெரியாது. ஒருவர் ஒரு எண்ணைச் சொன்னால் மற்றவருக்கு அப்படியே விட மனசு வராது, அவ்வளவுதான்.

"எத்தனை கட்டினாலும் கணக்கு ஒண்ணுதான் வரும்," என்றார் மாப்பிள்ளை.

"ஒண்ணுதான் வரும்னா நூத்தம்பதா இருக்கட்டுமே!"

"ஒண்ணுதான் வரும்னா முந்நூறா இருந்தா உங்களுக்கு என்னண்ணே போச்சு?"

தேநீர் இரண்டாம் சுற்று வந்தது. நூற்றி எழுபத்தைந்து, இருநூற்றி ஐம்பது, நூற்றித் தொண்ணூறு என்று இழுபட்டு, கடைசியில் வாத்தியார் முதலில் சொன்ன இருநூறிலேயே வந்து நின்றது. இரண்டு பேரும் ஏதோ ஜெயித்துவிட்டது போலக் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

வலைக்காரரைக் கூப்பிட்டார்கள். அந்தப் பக்கத்துக் குளங்களுக்கெல்லாம் அவர் ஒருவர்தான் வலைக்காரர். யார் கூப்பிட்டாலும் போவார், யார் சொன்னாலும் தலையாட்டுவார். அவர் வலை வீசி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, மாப்பிள்ளை முடிச்சுப் போட, ஒருபக்கம் ஒன்றரையும் மறுபக்கம் முக்காலும் நின்று உரக்க எண்ண, சிவப்பு நூல் மீன் இருநூறு குளத்துக்குத் திரும்பிப் போயின.

மறுநாள் மத்தியானம் சாப்பிடும்போது ஒன்றரை மெதுவாகக் கேட்டார்.

"மாப்ள, சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். நூறு மீன் பிடிக்கும்போது சிவப்பு குறைச்சலா வந்தா நமக்கு நல்லதா, கெட்டதா?"

"நமக்குன்னு ஒண்ணும் இல்ல மாமா, கணக்கு கணக்குதான். சிவப்பு குறைஞ்சா மொத்தம் ஏறும்."

"சிவப்பு பாதியாயிட்டா?"

"மொத்தம் ரெண்டு மடங்காத் தெரியும்."

ஒன்றரை அதற்குப் பிறகு பேசவில்லை. வழக்கத்தைவிட ஒரு கை அதிகமாகச் சாப்பிட்டார். மனைவி அவரை ஓரக்கண்ணால் பார்த்தார். மனிதர் வாய் திறக்காமல் சாப்பிட்டால் யாருக்கோ குழி வெட்டுகிறார் என்று அவருக்குத் தெரியும்.

சாப்பிட்ட கை காய்வதற்குள் ஒன்றரை மோட்டார் கொட்டகைக்குப் போனார். வலைக்காரர் நிழலில் உட்கார்ந்து வலைக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, அந்தச் சிவப்பு நூல் மீனெல்லாம் கிட்ட வருதா?"

"தீனி போடற இடத்துல கையைத் தட்டினா வருது முதலாளி. கைவலையாலயே அள்ளிடலாம்."

"அப்படி அள்ளி, ஒரு நூறு மீனுக்கு நூலை அவுத்துவிட்டுடு. காதும் காதும் வச்ச மாதிரி நடக்கணும்."

வலைக்காரர் தலையாட்டினார்.

"யாருக்கும் தெரியக் கூடாது."

அதற்கும் தலையாட்டினார்.

"உனக்குப் புது ரப்பர் பூட்ஸ் வாங்கித் தரேன்."

இதற்குக் கொஞ்சம் வேகமாகத் தலையாட்டினார்.

இரண்டு நாள் கழித்து ஒன்றரை விசாரித்தார். "ஆச்சா?"

"ஆச்சு முதலாளி."

"அவுத்த நூலெல்லாம் எங்க? காட்டு பாப்போம்."

"அதை வச்சிருந்தா நாளைக்கு யாராவது பாத்துட்டு, இது ஏதுன்னு கேக்க மாட்டாங்களா?"

ஒன்றரைக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. இவனல்லவா விவரமான ஆள்! பூட்ஸோடு ஒரு ஜோடி சாக்ஸும் வாங்கித் தரலாம் என்று அப்போதே முடிவு செய்தார்.

வலை வீசும் நாள் வந்தது. அதே நாற்காலிகள், அதே ஈர மண். ஒன்றரைக்கு உள்ளே ஒரே கும்மாளம். தன் மதிப்புப்படி ஆயிரம் மீன். அதில் நூல் இருப்பது இப்போது நூறு. அப்படியென்றால் வலையில் பத்துக்கு ஒன்று சிவப்பு வரும். மாப்பிள்ளை இருநூறு என்று நினைத்துக் கணக்குப் போடுவார். இரண்டாயிரம் என்று அவர் வாயாலேயே சொல்வார். தான் சொன்ன ஆயிரத்தைந்நூறைவிட அதிகம்! 'போனாப் போகுது, ஆயிரத்தைந்நூறே குடுங்க' என்று பெருந்தன்மையாகச் சொல்வதற்கு ஒரு முகத்தையும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று தயார் செய்துவைத்திருந்தார்.

வலைக்காரர் நூறு மீனைத் தொட்டியில் விட்டார். மாப்பிள்ளை குனிந்து எண்ணினார். ஒன்றரை எண்ணினார். முக்கால் எண்ணினார். மூன்று பேருக்கும் ஒரே எண்தான் வந்தது.

"இருபது சிவப்பு," என்றார் மாப்பிள்ளை. "அஞ்சுக்கு ஒண்ணு. அஞ்சுல ஒரு பங்கு இருநூறு. அப்போ மொத்தம் ஆயிரம் மீன்."

ஒன்றரை தயார் செய்துவைத்த முகம் கலைந்துபோயிற்று. மாப்பிள்ளைக்கு அது ஆயிரம். ஆனால் குளத்தில் நூல் கட்டிய மீன் இருநூறு இல்லையே, நூறுதானே! ஐந்தில் ஒரு பங்கு நூறு என்றால்...

ஐந்நூறு.

ஐந்நூறு மீன்தானா? கொக்குகள் மேல் அவருக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இத்தனை மாதம் தீனி போட்டது யாருக்கு?

ஆனால் வியாபாரி வியாபாரிதான். ஒரு மூச்சு விடுவதற்குள் தேறிவிட்டார். ஐந்நூறு மீனை ஆயிரம் மீன் விலைக்குத் தள்ளிவிட்டால் கடை வந்துவிடும், காய்ந்த தரை வந்துவிடும். மாப்பிள்ளை மறுபடி வாயைத் திறப்பதற்குள் முடித்துவிட வேண்டும்.

"ஆயிரம்னா ஆயிரம். எனக்குச் சம்மதம்," என்றார்.

"எனக்கும் சம்மதம்," என்றார் முக்கால். "எழுதிடலாம்."

மோட்டார்கூட ஒரு நிமிஷம் நின்று கேட்பது போலிருந்தது.

முக்கால் பேரம் பேசவில்லை. தன் எழுநூற்றைம்பதை ஒரு வார்த்தை சொல்லாமல் கைவிட்டு, ஆயிரத்துக்குச் சம்மதம் என்று சொல்லிவிட்டு, பேனாவையும் திறந்து வைத்துக்கொண்டிருந்தார்.

ஒன்றரை, "ஒரு நிமிஷம், வெத்திலைப் பெட்டி..." என்று எதையோ உளறிவிட்டு வீட்டுக்குள் போனார். அந்த வீட்டில் வெத்திலைப் பெட்டி கிடையாது.

"என்னங்க, முடிஞ்சதா?" என்றார் மனைவி.

"அவன் பேரம் பேசலடி."

"யாரு?"

"முக்கால். ஆயிரம்னதும் சரின்னுட்டான்."

மனைவிக்கும் கொஞ்சம் கவலையாகிவிட்டது. "உடம்புக்கு ஏதாவதா?"

"பேனாவைத் திறக்கற வேகத்தைப் பாத்தா உடம்புக்கு ஒண்ணுமில்ல. அவனுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியாதது என்னவோ தெரிஞ்சிருக்கு."

யோசித்துப் பார்த்தார். வலை வீசியது தீனி போடும் பக்கம். பழகிய சிவப்பு மீன்கள் அங்கேயே கூட்டமாக நின்றிருந்தால்? வலையில் சிவப்பு கூடுதலாக விழுந்திருக்கும், கணக்கு குறைவாகக் காட்டியிருக்கும். அப்படியென்றால் குளத்தில் மீன் நிறைய இருக்கிறது! முக்கால் அதைப் பிடித்துவிட்டான்! தான் இப்போது ஆயிரத்துக்கு ஒப்புக்கொண்டது மகா முட்டாள்தனம்!

ஒரே ஓட்டமாகக் கரைக்கு வந்தார்.

"மாப்ள, இன்னொரு தடவை வீசிப் பாத்துடலாம். அந்தக் கடைசி மூலையில. கலந்திருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க!"

"அட, எதுக்கு அதெல்லாம்? ஒரு தடவை பாத்தாப் போதாதா?" என்றார் முக்கால்.

அவர் வேண்டாம் என்றதும் ஒன்றரைக்கு உறுதியாகிவிட்டது. "வீசியே ஆகணும்."

முதல் நூறையும் குளத்தில் விட்டுவிட்டு, கடைசி மூலையில் வலை போட்டார்கள். நூறு மீன். எண்ணினார்கள்.

இருபத்தைந்து சிவப்பு.

"நாலுக்கு ஒண்ணு," என்றார் மாப்பிள்ளை உற்சாகமாக. "இது எண்ணூறு காட்டுது மாமா. பயப்படாதீங்க, கொஞ்சத்தைப் பாத்துச் சொல்றதுல இப்படி முன்னபின்ன வரும். ரெண்டு வீச்சையும் சேத்துப் பாத்தா இருநூறுல நாப்பத்தஞ்சு. தொள்ளாயிரத்துக்குப் பக்கத்துல வருது."

ஒன்றரை காதில் அது விழவில்லை. அவருடைய கணக்கு தனிக் கணக்கு. நாலில் ஒரு பங்கு நூறு என்றால் நானூறு. கொஞ்ச நேரம் முன்னால் ஐந்நூறு இருந்த குளத்தில் இப்போது நானூறு! இன்னும் ஒரு தடவை வீசினால் குளத்தில் தவளைதான் மிஞ்சும் போலிருந்தது.

"வாத்தியாரே, அந்த ரெண்டாவது வீச்சைக் கணக்குல சேக்காதீங்க," என்றார் முக்கால். "மூலையில போட்ட வலை, அதுக்கு என்ன மரியாதை? முதல்ல பாத்ததே இருக்கட்டும். ஆயிரம்."

ஒன்றரை அவரை அண்ணாந்து பார்த்தார். நூறு மீனை வலியவந்து விட்டுக்கொடுக்கிற முக்காலை இவ்வளவு காலத்தில் ஒருநாளும் பார்த்ததில்லை. அந்த முகத்தில் சிரிப்பு வேறு.

அப்போதுதான் அவருக்கு வேறொரு படம் கண்முன்னால் விரிந்தது. முக்கால் வலை போடுகிறார். நானூறு மீன் வருகிறது. ஆயிரம் மீனுக்கு விலை கொடுத்தவர் சும்மா விடுவாரா? நேராகப் பேருந்து நிலையத்துக்கு வருவார். புதுக் கடை வாசலில் நின்று, ஏறுகிற ஆள், இறங்குகிற ஆள் அத்தனை பேரையும் கூட்டிவைத்து, 'நூலை அவுத்து ஏமாத்தின ஆளு கடை இதுதான்' என்று சொல்வார். அப்புறம் தரை காய்ந்து என்ன, காயாமல் என்ன? மிதிக்க யார் வருவார்கள்?

"அண்ணே," என்றார் ஒன்றரை. "ஆயிரம் கொஞ்சம் ஜாஸ்தி. தொள்ளாயிரம்னு போட்டுக்குங்க."

பின்னால் தேநீர்த் தட்டோடு வந்துகொண்டிருந்த மனைவி நடையை எட்டிப் போட்டார்.

"சேச்சே, நமக்குள்ள என்னண்ணே? புதுசா கடை வைக்கப் போறீங்க, கையில நாலு காசு நிக்கட்டும். ஆயிரத்தைம்பது," என்றார் முக்கால்.

"எண்ணூத்தம்பதுக்கு மேல எனக்கு வேண்டாம்."

"உங்களுக்குக் கட்டுப்படியாகுமா? தீனி, மோட்டாரு, கரண்டு எல்லாம் யோசிச்சுப் பாருங்க. ஆயிரத்து நூறு."

"எண்ணூறு. இதுக்கு மேல ஒண்ணு ஏத்தினாலும் நான் விக்கறதா இல்ல!"

"ஆயிரத்து நூறுல இருந்து ஒண்ணு குறைச்சாலும் நான் வாங்கறதா இல்ல!"

முக்கால் எழுந்துகொண்டார். பேரம் படியாதபோது எழுந்து வாசல்வரை போவது அவர் வழக்கம். அப்படிப் போனால் கூப்பிட வேண்டியது விற்பவர் வழக்கம். போனார். நின்றார். திரும்பிப் பார்த்தார்.

மாப்பிள்ளை மாமியார் பக்கம் ஒதுங்கினார். "அத்தை, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இதுல விக்கறது யாரு, வாங்கறது யாரு?"

மனைவி தட்டைத் தரையில் வைத்தார். புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இருவருக்கும் நடுவே வந்து நின்றார்.

"ரெண்டு பேரும் கேளுங்க. காலையில மாப்பிள்ளை என்ன எண்ணைச் சொன்னாரோ அந்த எண். ஆயிரம். இதுக்கு மேல ஏத்தறவரும் இறக்கறவரும் இந்த வீட்டுத் தேநீரைத் தொடக் கூடாது. எழுதுங்க."

எழுதினார்கள். இரண்டு பேரும் தோற்ற முகத்தோடு கையெழுத்துப் போட்டார்கள். அன்று சாயங்காலமே கடைச் சாவி மனைவியின் கைக்கு வந்துவிட்டது. அவர் அதைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டார்.

மீன் எடுக்கும் நாளன்று ஒன்றரை போர்வையைத் தலைவரைக்கும் இழுத்து மூடிக்கொண்டு படுத்திருந்தார்.

"காய்ச்சல்," என்றார்.

மனைவி நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். "பச்சைத் தண்ணி மாதிரி இருக்கு. எந்திரிங்க. வித்த பொருளைக் கண்ணெதிர்ல ஒப்படைச்சாத்தான் மரியாதை."

கரைக்கு வந்தவருக்கு முதலில் கண்ணில் பட்டது இரண்டு வண்டிகள். முக்கால் ஒன்றுக்கு இரண்டாக ஐஸ் வண்டி கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். ஒன்றரை வண்டிகளை மறுபடி எண்ணிப் பார்த்தார். நானூறு மீனுக்கு இரண்டு வண்டி! ஏமாற்றம் எத்தனை பெரிதாக இருக்கும்!

வலைக்காரரும் ஆட்களும் பெரிய வலையைக் குளத்துக்குக் குறுக்கே இழுத்தார்கள். பெட்டி பெட்டியாக மீன் ஏறியது. மாப்பிள்ளை வண்டிப் பக்கத்தில் நின்று உரக்க எண்ணினார்.

"முந்நூத்தி எண்பது... நானூறு..."

ஒன்றரை கண்ணை இறுக மூடிக்கொண்டார். இதோ, இப்போது நின்றுவிடும்.

"நானூத்தி இருபது."

ஒரு கண்ணைத் திறந்தார்.

"ஐந்நூறு... ஐந்நூத்தி நாப்பது..."

இரண்டாவது கண்ணையும் திறந்தார். அறுநூறு தாண்டியது. 'அப்பாடா, மானம் தப்பிச்சது' என்று மனசு லேசாயிற்று. எழுநூறு. மனைவியைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். எண்ணூறு தாண்டியபோது அந்தச் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. எண்ணூறுக்கல்லவா தர இருந்தோம்! தொள்ளாயிரம் வந்தபோது மயக்கம் வரும்போல் இருந்தது. நானூறு மீன் இருந்த குளத்தில் இத்தனை மீன் எங்கிருந்து வருகிறது? கணக்கே இல்லாமல் வருகிறதே! நின்றுவிடக் கூடாது என்று வேண்டிய வாய், இப்போது நிற்காமல் போனால் தன் கதி என்ன என்று முணுமுணுத்தது. இரண்டாயிரம் வந்துவிட்டால் ஜென்மத்துக்கும் தூக்கம் போய்விடும்.

"தொள்ளாயிரத்தித் தொண்ணூறு... தொண்ணூத்தஞ்சு... தொண்ணூத்தாறு."

வலை வெறுமையாக வந்தது.

"அவ்வளவுதான்," என்றார் மாப்பிள்ளை. "ஆயிரத்துக்கு நாலுதான் குறைச்சல்! மாமா, பாத்தீங்களா! முதல் வீச்சே எவ்வளவு பக்கத்துல சொல்லிடுச்சு!" அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்கும் இவ்வளவு அழகாக வந்ததில்லை.

ஆனால் அழ வேண்டிய ஆள் வேறு ஒருவர். முக்கால், காலியாக நின்ற இரண்டாவது வண்டியையும் குளத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இழுங்கப்பா, இன்னும் இருக்கு!"

இழுத்தார்கள். ஒரு தவளை வந்தது.

"இருக்குங்கறேன்! அடியில படுத்திருக்கும்!"

யாரும் அசையவில்லை. முக்கால் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு தாமே குளத்தில் இறங்கினார். முழங்கை வரை கையை விட்டுச் சேற்றைத் துழாவினார். ஊரில் பெரிய மனிதர், விலை உயர்ந்த சட்டை. ஒன்றரை வாயைப் பிளந்து நின்றார். ஆயிரத்துக்குப் பணம் கொடுத்து ஆயிரம் மீன் எடுத்தவர் இன்னும் எதைத் தேடுகிறார்?

முக்கால் சேறும் தண்ணீருமாகக் கரையேறி நேராக வலைக்காரரிடம் போனார். "ஏய்யா, மீதி எங்க?"

அதே நேரத்தில் ஒன்றரையும் மறுபக்கத்திலிருந்து வலைக்காரரிடம் வந்து சேர்ந்தார். "ஏம்ப்பா, எப்படி இத்தனை?"

இரண்டு கேள்வியும் ஒன்றோடொன்று மோதி நின்றன. இருவரும் முதல்முறையாக ஒருவரை ஒருவர் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள்.

வலைக்காரர் வலையை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நீங்க நூறு மீனுக்கு நூலை அவுக்கச் சொன்னீங்க முதலாளி, அன்னைக்குச் சாயங்காலமே இவரு வந்து புதுசா நூறு மீனுக்குக் கட்டச் சொன்னாரு. அவுத்து அவுத்துத் திரும்பக் கட்டறதுக்கு எதுக்கு வீணாத் தண்ணியில இறங்கணும்னு நான் வீட்டுலயே படுத்துட்டேன்."